கிளினிக் போகும் நாளுக்கும் பேர் வேண்டும்

(தோட்டக் கமிட்டியும் மாதர் சங்கமும் சேர்ந்து நடத்திய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் வருத்தத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறார்களே என்று சிலர் யோசிக்கலாம். இன்று பேசப் போவதும் சம்பளக் கதைதான். அது கடைசியில் விளங்கும்.

எங்கள் பாடசாலையில் பத்தாம் ஆண்டு படிக்கும் ஒரு பிள்ளை இரண்டாம் தவணையில் வருவதை நிறுத்திவிட்டாள். நன்றாகக் கணக்குச் செய்யும் பிள்ளை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். லயத்துக் காம்பராவில் அம்மா படுத்திருக்கிறார். வயது நாற்பத்தேழு. வலது கையும் காலும் வழங்கவில்லை. பேச்சு குழறுகிறது. அப்பா கொழும்பில் கடை வேலை. கஞ்சி கொடுப்பது, உடம்பு துடைப்பது, திருப்பிப் படுக்கவைப்பது எல்லாம் அந்தப் பிள்ளைதான்.

அந்த அம்மாவுக்கு நடந்தது இதுதான். காலையில் ஐந்து மணிக்கு ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். கையிலிருந்து மாவு நழுவியது. வாய் ஒரு பக்கம் கோணியது. காத்து பட்டுவிட்டது என்றார்கள். தைலம் தேய்த்தார்கள். ஒருவர் கோவிலுக்குப் போய்க் கயிறு மந்திரித்து வந்தார். எட்டு மணிக்கு டிஸ்பென்சரி திறக்கும் வரை காத்திருந்து, துண்டு வாங்கி, லொறி கேட்டு, லொறி கொழுந்து எடுக்கப் போயிருந்ததால் பிறகு ஓட்டோ பிடித்து, ஸ்கேன் உள்ள வைத்தியசாலைக்குப் போய்ச் சேரும்போது பகல் இரண்டு மணி தாண்டிவிட்டது. மூளைக்குப் போகும் இரத்தக் குழாயில் கட்டி அடைத்திருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். கரைக்கும் மருந்து கொடுக்கும் நேரம் கடந்துவிட்டது என்றும் சொன்னார்கள்.

யாரையும் குறை சொல்லவில்லை. அன்று அந்த லயத்தில் இருந்திருந்தால் நாங்களும் தைலம்தான் தேடியிருப்போம். ஆனால் இன்னொரு விஷயமும் தெரிய வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பே ஒரு மருத்துவ முகாமில் அவருக்குப் பிரஷர் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். மூன்று மாதம் கிளினிக் போயிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் பேர் இல்லை. மேலே பஸ் காசு. நாலாவது மாதம் போகவில்லை. கிளினிக் கொப்பி இன்னும் அந்த வீட்டுத் தகரப் பெட்டிக்குள் இருக்கிறது. மூன்று பக்கம்தான் எழுதியிருக்கிறது.

இந்த வருத்தத்தைப் பாரிசவாதம் என்கிறோம், பக்கவாதம் என்கிறோம். காத்தும் இல்லை, செய்வினையும் இல்லை. மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடும், அல்லது வெடிக்கும். அடைபடுவதுதான் அதிகம். இது ஏன் வருகிறது என்று உலகம் முழுக்க ஆராய்ந்திருக்கிறார்கள். இன்டர்ஸ்ட்ரோக் என்று ஒரு பெரிய ஆய்வு. 32 நாடுகளில், பாரிசவாதம் வந்த பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களையும் அது வராத அதேயளவு ஆட்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இந்தியாவும் அதில் இருந்தது. 2016இல் முடிவு வந்தது. மனிதர் மாற்றக்கூடிய பத்துக் காரணங்கள்தான் பத்தில் ஒன்பது பங்கு ஆபத்துக்குப் பின்னால் இருக்கின்றன என்று கண்டார்கள். பிரஷர், சீனி வருத்தம், கொழுப்பு, புகை, சாராயம், சாப்பாடு, இடுப்புச் சதை, உடம்பு அசையாமை, மனக்கஷ்டம், இருதய வருத்தம். எல்லாவற்றுக்கும் முதலில் நிற்பது பிரஷர்.

நாங்கள் மலை ஏறி இறங்குகிறவர்கள், எங்களுக்கு எங்கே பிரஷர் வரும் என்று ஓர் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. மலை ஏறுவது நல்லதுதான், அது பத்தில் ஒரு காரணத்தைக் குறைக்கிறது. மற்ற ஒன்பதும் அப்படியே இருக்கின்றன. காலையில் ரொட்டியும் உப்புச் சம்பலும், பகலுக்குக் கருவாடு. ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்கு ஐந்து கிராமுக்குள் உப்புப் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது ஒரு தேக்கரண்டி அளவு. நாம் அதைச் சம்பலிலேயே முடித்துவிடுகிறோம். வெற்றிலையோடு போடும் புகையிலையும், சம்பள நாள் இரவில் போத்தலோடு உட்காருவதும் இதோடு சேர்கின்றன. (சிரிக்கிற அண்ணன்மார் யார் யார் என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.) பிரஷருக்கு வலி இல்லை. தலை சுற்றினால்தான் பிரஷர் என்பது தவறு. ஒன்றும் தெரியாமலே பல வருஷம் குழாயை அரித்துக்கொண்டிருக்கும்.

கொழும்பில் ஓர் ஆய்வு நடந்தது, 2015இல் வெளியானது. வீடு வீடாகப் போய் 2313 பேரைப் பார்த்தார்கள். ஆயிரம் பேரில் பத்துப் பேருக்குப் பாரிசவாதம் வந்திருந்தது. ஆண்களுக்கு இரண்டு மடங்கு. வந்தவர்களில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் பிரஷர்க்காரர்கள். அடுத்தது புகை, அதற்கடுத்தது அளவு மீறிய குடி. இது கொழும்புக் கணக்கு. எங்கள் லயங்களின் கணக்கு அதில் இல்லை. கணக்கெடுப்பில் இல்லாதவர்களுக்கு வசதியும் பிந்தித்தான் வரும் என்பது நமக்குப் புதிய விஷயமில்லை.

இனி, வந்துவிட்டால் என்ன செய்வது. முகம் கோணுகிறதா, கை தூக்க முடியவில்லையா, பேச்சுக் குழறுகிறதா, இந்த மூன்றையும் பாருங்கள். ஒன்று திடீரென்று வந்தாலும் போதும். முதலில் மணியைப் பாருங்கள். கட்டியைக் கரைக்கும் மருந்து நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன். முதலில் 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வில் மூன்று மணி நேரம் என்று வைத்தார்கள், 2008இல் வெளியான ஐரோப்பிய ஆய்வுதான் அதை நாலரையாக நீட்டியது. இரவில் நன்றாகப் படுத்தவர் காலையில் கை வழங்காமல் எழுந்தால், கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான் கணக்கு. டொக்டர் முதலில் அதைத்தான் கேட்பார். ஆகவே எழுதிக்கொண்டு போங்கள்.

1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அது லயம் வரை ஏற முடியாத பாதை என்றால் எந்தச் சந்திக்கு ஆளைக் கொண்டு வருவது என்று அவர்களிடமே கேளுங்கள். ஸ்கேன் எங்கே எடுக்கலாம் என்று அவர்களுக்குத் தெரியும். தண்ணீர், தேத்தண்ணி, மாத்திரை எதுவும் வாயில் கொடுக்காதீர்கள். விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய்விடும். இருதய வருத்தத்துக்குக் கொடுக்கும் அஸ்பிரினைத் தெரிந்தவர் சொன்னார் என்று கொடுக்க வேண்டாம். குழாய் வெடித்திருந்தால் அது இன்னும் இரத்தம் ஓடவிடும். அடைப்பா வெடிப்பா என்று ஸ்கேன்தான் சொல்லும். நாடி பிடித்தும் சொல்ல முடியாது, எந்த டிஸ்பென்சரியாலும் சொல்ல முடியாது.

வைத்தியசாலையில் கையை நீட்டிப் பத்து விநாடி பிடிக்கச் சொல்வார்கள். காலை ஐந்து விநாடி தூக்கச் சொல்வார்கள். மாதத்தைக் கேட்பார்கள், வயதைக் கேட்பார்கள். என்னடா இது, சாகக் கிடக்கிற ஆளிடம் பரீட்சை வைக்கிறார்கள் என்று கோபம் வரும். உண்மையில் பரீட்சைதான். பூச்சியத்திலிருந்து 42 வரை புள்ளி போடுகிறார்கள். நம் பிள்ளைகளின் பரீட்சைக்கு எதிர்மாறு, புள்ளி கூடினால் நிலைமை மோசம். அந்த முதல் நாள் புள்ளியை வைத்துத்தான் பின்னால் எவ்வளவு தேறுவார் என்று ஓரளவு சொல்கிறார்கள்.

மூன்று மாதம் கழித்து இன்னொரு அளவு பார்ப்பார்கள். 1957இல் ஸ்கொட்லாந்தில் ரேங்கின் என்ற டொக்டர் தொடக்கியது. பூச்சியம் என்றால் ஒரு குறையும் இல்லை, ஆறு என்றால் மரணம். பூச்சியம், ஒன்று, இரண்டு வந்தால் நல்ல முடிவு என்று ஆய்வுகளில் எழுதுகிறார்கள். இரண்டு என்றால் என்ன? தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வார், ஆனால் முன்பு செய்த எல்லாவற்றையும் செய்ய முடியாது. மேசையில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு இரண்டு நல்ல முடிவாக இருக்கலாம். இரண்டு கையாலும் கொழுந்து பறிக்கும் ஓர் அக்காவுக்கு? விரல் சரியாக மடங்காவிட்டால் கிலோ வராது. கிலோ வராவிட்டால் அரைப் பேர், பிறகு பேரே இல்லை. டொக்டரின் புத்தகத்தில் தேறியவர், செக்ரோலில் இல்லாதவர். இந்த இடைவெளியைத்தான் சங்கம் பார்க்க வேண்டும் என்கிறோம். இப்படி ஒருவர் வீட்டில் இருந்தால், விலகல் கடிதம் என்று எதையாவது நீட்டினால், தலைவரிடம் காட்டாமல் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். நிரந்தரமாக வேலை செய்ய முடியாது என்று வைத்தியர் சான்றிதழ் கொடுத்தால், வயது வரும்வரை காத்திராமல் சேமலாப நிதியை எடுக்கலாம். அதுவும் பலருக்குத் தெரியவில்லை.

வீட்டில் பார்த்துக்கொள்வது பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் 14 வைத்தியசாலைகளில் 1250 நோயாளிகளோடு ஓர் ஆய்வு செய்து 2017இல் வெளியிட்டார்கள். வீட்டு ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து அவர்களைக் கொண்டு உடற்பயிற்சி செய்விக்கலாமா என்று பார்த்தார்கள். ஆறு மாதத்தில், பயிற்சி பெற்ற குடும்பங்களிலும் பெறாத குடும்பங்களிலும் ஒரே அளவுதான். நூற்றுக்கு 47 பேர் இறந்தோ, பிறர் உதவியில் தங்கியோ இருந்தார்கள். பாசம் போதாது என்று இதற்குப் பொருளில்லை. பாசத்தை நம்பி அரசாங்கம் கையைக் கழுவ முடியாது என்பதுதான் பொருள் என்று நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். அந்தப் பதினைந்து வயதுப் பிள்ளையை உடற்பயிற்சி டொக்டராக்க முடியாது. அவள் படிக்க வேண்டியவள்.

நல்ல செய்தியும் இருக்கிறது, அதுவும் நம் நாட்டிலிருந்தே. மூன்று பிரஷர் மருந்தைக் குறைந்த அளவில் ஒரே மாத்திரையாக்கி இலங்கை வைத்தியசாலைகளில் 700 பேரோடு சோதித்தார்கள். 2018இல் வெளியானது. ஆறு மாதத்தில் அந்த மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு 70 பேருக்குப் பிரஷர் கட்டுக்குள் வந்தது. வழக்கமான சிகிச்சையில் 55 பேருக்கு. இன்னொன்று இலங்கை, பங்களாதேஷ், பாகிஸ்தான் மூன்று நாட்டுக் கிராமங்களில், 2645 பிரஷர்க்காரர்களோடு. சுகாதார ஊழியர்கள் வீட்டுக்கே போய்ப் பிரஷர் பார்த்து, பேசி, தேவையானவர்களை டொக்டரிடம் அனுப்பினார்கள். இரண்டு வருஷத்தில் மேல் எண் மற்றவர்களைவிட ஐந்து அளவு கூடுதலாக இறங்கியது. ஐந்துதானே என்று நினைக்க வேண்டாம். ஒரு ஊருக்கே ஐந்து இறங்கினால் பல வீடுகளில் ஒரு கை விழாமல் இருக்கும். பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. கதவைத் தட்ட ஓர் ஆள், ஒரு பிரஷர் மெசின், தவறாமல் கிடைக்கும் மாத்திரை. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது கிளினிக்கில் எழுதிக் கொடுத்து வெளியில் வாங்கச் சொன்னார்களே, அன்று எத்தனை பேர் நிறுத்தினோம்? நிறுத்தியவர்கள் வெட்கப்படாமல் திரும்பப் போங்கள். மாத்திரை நன்றாகிவிட்டது என்று விடுவதற்கில்லை, தினமும் குடிப்பதற்கு.

ஆகவே கமிட்டி நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டிருப்பது மூன்று. கிளினிக் கொப்பியைக் காட்டினால் அந்த நாளுக்குப் பேர் போட வேண்டும். மாதத்துக்கு ஒரு காலை, பிரட்டுக் களத்திலேயே பிரஷர் பார்க்க ஏற்பாடு வேண்டும். ஆள் விழுந்தால் கொழுந்தை இறக்கிவிட்டாவது லொறி வர வேண்டும். முதலாவதற்கு முடியாது என்ற பதில் வாயால் வந்திருக்கிறது. எழுத்தில் தரச் சொல்லியிருக்கிறோம். மற்ற இரண்டும் பேச்சில் இருக்கின்றன.

அந்தப் பிள்ளைக்கு, பக்கத்துக் காம்பராவில் உள்ள மூன்று அக்காமார் முறை வைத்துப் பகலில் அம்மாவைப் பார்க்கிறார்கள். வாரத்தில் மூன்று நாள் பாடசாலை வருகிறாள். மற்ற இரண்டு நாளுக்கும் ஆள் தேடுகிறோம். முடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் மாதர் சங்கத் தலைவியிடம் பெயர் கொடுங்கள்.

வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பாடசாலை மண்டபத்தில் பிரஷர் பார்ப்போம். முப்பத்தைந்து வயதுக்கு மேல் எல்லோரும் வர வேண்டும், அண்ணன்மாரும்தான். வருவதற்கு அரை மணி நேரத்துக்கு முன் தேத்தண்ணியும் வெற்றிலையும் பீடியும் வேண்டாம். மேடு ஏறி வந்த கையோடு பார்க்க மாட்டோம், ஐந்து நிமிஷம் உட்கார வேண்டும். பழைய கிளினிக் கொப்பி பெட்டிக்குள் இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள்.