பேஸ்மென்ட்டில் ஒரு கறுப்புப் பெட்டி

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ஏ பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை ஒருவர் பேசியது)

செயலாளர் சார் எனக்குப் பத்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார். முப்பது வருடம் நாற்பத்தைந்து நிமிடப் பீரியடு எடுத்தவளுக்கு இது கஷ்டம். பார்க்கலாம்.

போன மாதம் வாட்ஸ்அப் குரூப்பில் நடந்த சண்டை ஞாபகம் இருக்கும். எலி கார் ஒயரைக் கடிக்கிறது என்று பெஸ்ட் கன்ட்ரோல்காரர்களைக் கூப்பிட்டு, பேஸ்மென்ட்டில் எட்டு கறுப்புப் பெட்டி வைத்தோம். பத்து நாளாகியும் ஒரு எலிகூடச் சாகவில்லை. "ஏமாத்திட்டாங்க, பணத்தைத் திருப்பிக் கேளுங்க" என்று பாதிப் பேர் எழுதினீர்கள். பதினோராவது நாள் சி பிளாக் குழந்தை ஒன்று, இரண்டரை வயது, அதே பெட்டியைத் திறந்து உள்ளே இருந்த நீலக் கட்டியைக் கையில் எடுத்துவிட்டது. எலி பத்து நாள் தொடாததைக் குழந்தை ஒரே நிமிடத்தில் எடுத்துவிட்டது.

முதலில் எலி. எலிக்கு வாந்தி எடுக்க முடியாது. நமக்கு ஒத்துக்கொள்ளாதது வெளியே வந்துவிடும். அதற்கு உள்ளே போனது போனதுதான். அதனால் அதன் ஜாக்கிரதை எல்லாம் வாய்க்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். தினமும் ஓடும் பாதையில் புதிதாக ஒரு செங்கல் கிடந்தால்கூட ஒதுங்கிப் போகும். புதுத் தீனி என்றால் முதலில் துளி கடிக்கும். உடம்புக்கு ஆகவில்லை என்றால் அந்த ருசியை மறக்காது. ஜான் கார்சியா என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவர் கூட்டாளிகளும் 1955-இல் இதைச் சோதித்தார்கள். எலிகளுக்குச் சாக்கரின் கலந்த இனிப்புத் தண்ணீர் கொடுத்து, கூடவே கதிர்வீச்சையும் செலுத்தினார்கள். அதன் பிறகு அந்த எலிகள் இனிப்புத் தண்ணீரைத் தவிர்த்தன.

இந்தச் சாமர்த்தியத்தை மீறத்தான் மெதுவாக வேலை செய்யும் விஷம் வந்தது. சாப்பிட்டுச் சில நாள் கழித்து உள்ளே ரத்தக் கசிவு வரும். எதனால் என்று எலியால் சேர்த்துப் பார்க்க முடியாது. 1948-இல் எலி மருந்தாக வந்த வார்ஃபரின் அப்படிப்பட்டதுதான். இங்கே சிலர் இதயத்துக்கு மாத்திரையாகச் சாப்பிடுவதும் அதே வார்ஃபரின்தான். பயப்படாதீர்கள், அளவுதான் விஷயம். நம் பெட்டியில் இருப்பது அந்தக் குடும்பத்து மருந்து.

அப்படியானால் ஏன் பலன் இல்லை? நான் இரண்டு நாள் காலையில் கீழே போய்ப் பார்த்தேன். ஹவுஸ்கீப்பிங் அம்மா தினமும் தரை துடைக்கப் பெட்டியை எடுத்து வேறு தூணருகே வைக்கிறார். எலிக்கு அது தினமும் புதுப் பெட்டி. அவர் மேல் தப்பில்லை, நாம் யாரும் சொல்லவில்லை. சுண்டெலியாக இருந்தால் கதை வேறு. அது புதுசு என்றாலே வந்து மோந்து பார்க்கும்.

குழந்தை இந்த விஷயத்தில் எலிக்கு நேர் எதிர். கைக்குழந்தையிடம் பழைய படத்தையும் புதுப் படத்தையும் சேர்த்துக் காட்டினால் புதியதையே அதிக நேரம் பார்க்கும். ராபர்ட் ஃபான்ட்ஸ் 1964-இல் காட்டியது இது. பிறகு அதை எடுக்கும், வாயில் வைக்கும். பிடிவாதம் என்று நினைக்காதீர்கள், அதுதான் அதன் படிப்பு.

ஆனால் குழந்தைக்கும் ஒரு பிரேக் உண்டு. 1985-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடி மேஜைமேல் தவழவிட்டார்கள். நடுவில் பள்ளம்போல் தெரியும், எதிர்ப்பக்கம் அம்மா. அம்மா சிரித்த முகத்தோடு இருந்தபோது 19 குழந்தைகளில் 14 பேர் கடந்து போனார்கள். பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடப் போகவில்லை. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. புரியாத ஒன்றைக் கண்டால் குழந்தை நம் முகத்தைத்தான் திரும்பிப் பார்க்கிறது. அன்றைக்குப் பேஸ்மென்ட்டில் அப்படிப் பார்ப்பதற்கு ஒரு முகமும் இல்லை. நம் பகல் நேரச் செக்யூரிட்டி வரும்வரை. அவர் கத்தவில்லை. குந்தி உட்கார்ந்து, "மாமாகிட்ட குடு கண்ணா" என்று கை நீட்டினார். கத்தியிருந்தால் ஓடியிருப்பான், கட்டியோடு.

இயந்திரம் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். என் மகள் வாங்கித் தந்த தரை துடைக்கும் ரோபோ, பக்கத்து வீட்டு நாய்க்குட்டி ஹாலில் பண்ணிய அசிங்கத்தை மூன்று அறைக்கும் இழுத்துக்கொண்டு போனது. சிரிக்காதீர்கள், கழுவியது நான். அதற்கு எலியின் சந்தேகமும் இல்லை, குழந்தைபோல் என் முகத்தைப் பார்க்கவும் தெரியாது.

சிரிக்க முடியாத சம்பவமும் உண்டு. 2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் டெம்பி நகரில், ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்தார். சோதனை ஓட்டத்தில் இருந்த தானியங்கிக் கார் 5.6 நொடிக்கு முன்பே அவரைக் கண்டுவிட்டது. ஆனால் வாகனம் என்றது, வேறு ஏதோ என்றது, சைக்கிள் என்றது. பெயரை மாற்றும் ஒவ்வொரு முறையும், அவர் அதுவரை நகர்ந்து வந்த கணக்கை அழித்துவிட்டது. எச்சரிக்கையாக உட்கார்ந்திருக்க வேண்டியவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் இறந்துபோனார். என்னவென்று தெரியாவிட்டால் வேகத்தைக் குறை என்று எலிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதை இங்கே சொல்லக் காரணம், நம் பார்க்கிங். ரிவர்ஸ் சென்சார் 'பீப்' சொல்லவில்லை என்று நம்பிப் பின்னால் எடுக்கிறோம். அது பம்பர் உயரத்தில் இருக்கிறது. கீழே குந்தி ஏதோ பொறுக்கும் குழந்தை அதற்குத் தெரியாமல் போகலாம். இறங்கி ஒரு சுற்று பார்த்துவிட்டு எடுங்கள்.

பெட்டிகளைச் சுவரோடு திருகி மாட்டிவிட வேண்டும், பூட்டோடு. இரண்டு மூன்று வாரம் நகர்த்தக் கூடாது. "நானே எலி பேஸ்ட் வாங்கி வைக்கிறேன்" என்று எழுதியவருக்கு: மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்டுக்கு முறிவு மருந்தே கிடையாது. முதல் நாள் ஒன்றுமில்லாததுபோல் இருந்து, பிறகு கல்லீரலைக் கெடுக்கும். வேண்டவே வேண்டாம். பெட்டியில் இருக்கும் மருந்துக்காவது வைட்டமின் கே உண்டு. எதுவானாலும் குழந்தை வாயில் வைத்ததாகச் சந்தேகம் வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள், மருந்து அட்டையையும் எடுத்துப் போங்கள்.

அன்று அந்தப் பெட்டி பூட்டாமல்தான் இருந்தது. எட்டுச் சாவியும் யாரிடம் இருக்கின்றன என்று நான் இரண்டு முறை கேட்டுவிட்டேன். செயலாளர் சார், மைக் உங்களிடம்.