ஃபோர்க் வாங்குமுன் கணக்குப் பார்ப்போம்



நம்ம மதுரைப் பக்கத்தில் சின்னப்பிள்ளை அம்மாவைத் தெரியாதவர் இல்லை. வயல் வேலைக்கு ஆட்களைச் சேர்த்துக் கூட்டிப்போன அவங்க, களஞ்சியம் குழுக்களில் பெண்களைச் சேமிக்க வைத்தாங்க. பிரதமர் வாஜ்பாய் கையால் விருது வாங்கினாங்க. 2019-ல் பத்மஸ்ரீ பட்டமும் வந்தது. அந்த வழியில் வந்த நாம் இன்று சின்ன டிராக்டரை வாடகைக்கு விடும் அளவுக்கு வளர்ந்திருக்கோம். இப்போ அதற்கு மூட்டை தூக்கும் ஃபோர்க் வாங்கலாமா என்று பேச்சு வந்திருக்கு.

நெல் சிப்பம் 40 கிலோ, யூரியா மூட்டை 45 கிலோ, டி.ஏ.பி. 50 கிலோ. இதையெல்லாம் தூக்கி இடுப்பு வலி வராத பெண் நம்மில் யார்? அதனால் வாங்கலாம். ஆனால் அது நம்ம சந்தா காசு. கணக்குப் பார்த்து வாங்கணும்.

ஃபோர்க் என்பது டிராக்டரின் பின்னால் மூன்று இடத்தில் மாட்டுவது. இரண்டு இரும்புக் கை நீட்டிக்கொண்டிருக்கும். பலகைத் தட்டில் மூட்டையை அடுக்கி, அடியில் கையை விட்டுத் தூக்கும்.

24 எச்.பி. வண்டி 750 கிலோ தூக்கும் என்று சொல்வாங்க. அது பெரும்பாலும் மாட்டும் முனையில் தூக்கும் எடை. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தால் சுமை தெரியாது, கையை நீட்டிப் பிடித்தால் தோள் இற்றுப்போகும். அதே கணக்குதான். மூட்டையின் நடுப்பாரம் இரண்டடி பின்னால் இருந்தால் வண்டி 750-ஐத் தூக்காது. ஃபோர்க் 100 கிலோ, பலகை 20 கிலோ என்றால் அதுவும் சுமையில் சேரும். பன்னிரண்டு டி.ஏ.பி. மூட்டை வைத்தால் மொத்தம் 720. பார்க்கச் சரியாகத் தெரியும், உண்மையில் அதிகம். ஆகவே "இரண்டடி தள்ளி எவ்வளவு தூக்கும்?" என்று கேட்டு எழுதி வாங்கணும். எழுதித் தராதவரிடம் வாங்க வேண்டாம்.

பின்னால் பாரம் ஏற ஏற முன்சக்கரம் லேசாகும். ஸ்டியரிங் திருப்பினாலும் வண்டி திரும்பாது. அதனால் முன்பக்கம் எடைக்கட்டி மாட்டணும். அதையும் சேர்த்தே விலை கேளுங்க.

இனி வேலை செய்யும்போது:

மூட்டையை வண்டியை ஒட்டி வைத்துக் கயிறு போட்டுக் கட்டணும். தரையில் இருந்து ஓரடி உயரம் போதும், உயரத் தூக்கிக்கொண்டு ஓட்டக்கூடாது. கண்மாய்க் கரை, வாய்க்கால் மேடு ஏறும்போது ரிவர்ஸில் ஏறி, இறங்கும்போது முன்பக்கமாக இறங்கணும். பாரம் எப்போதும் மேட்டுப் பக்கம்தான் இருக்கணும்.

தூக்கிய சுமைக்கு அடியில் யாரும் போகக்கூடாது. ஹைட்ராலிக் ஆயில் கசிந்தால் மெல்ல இறங்கிவிடும். ஃபோர்க்கில் பிள்ளைகளை ஏற்றி விளையாட்டுக் காட்டவே கூடாது. இறங்குமுன் ஃபோர்க்கைத் தரையில் வைத்து, இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்திடணும்.

கடைசியா நம்ம சேலை. வண்டியின் பின்னால் சுற்றும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது ஒரு நொடிக்கு ஒன்பது. முந்தானை நுனி பட்டால் "ஐயோ" என்று சொல்லக்கூட நேரம் இருக்காது. ஃபோர்க்குக்கு அந்தத் தண்டு தேவையே இல்லை, அதனால் அதை நிறுத்தி மூடி போட்டு வைக்கணும். முந்தானையை இழுத்துச் சொருகி, கூந்தலை முடிந்துகொண்டுதான் கிட்டப் போகணும்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வாடகை நோட்டில் ஒட்டுவோம். படித்துக் காட்டாமல் வண்டியை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று இன்றே தீர்மானம் போடுவோம். மூட்டை கீழே விழுந்தால் அள்ளிக்கலாம், மனுசி விழுந்தால் அள்ள முடியாது.