காற்றோடு பெயரும் வீடுகள்

வீட்டையே தூக்கிக்கொண்டு ஊர் பார்க்கப் புறப்படுகிறவர்களை நேயர்கள் பலரும் கண்டிருப்பீர்கள். 2009ஆம் ஆண்டிலே போர் ஓய்ந்து பாதைகள் திறந்த பின்னர், தெற்கிலிருந்து வடக்கு நோக்கி வந்த பேருந்துகளைச் சற்றே நினைத்துப் பாருங்கள். அண்டா, அகப்பை, அரிசி மூட்டை, பாய், தலையணை எல்லாம் அவற்றிலே இருக்கும். மரநிழல் கண்ட இடத்தில் இறங்கி, உலை வைத்து, உண்டு, உறங்கி, மறுபடியும் ஏறிப் போவார்கள். நம்மவர் சிலர் அதைக் கண்டு முகஞ்சுளித்ததும் உண்டு. "இவர்கள் நம்மூரில் ஒரு தேநீராவது வாங்கிக் குடித்தார்களா?" என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். அந்தக் கேள்வி என்னிடமே திரும்பி வந்த கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

நான் மன்னார் மாவட்டத்திலே ஓர் அரசினர் பாடசாலையின் அதிபர். சென்ற ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில், பல்கலைக்கழகத்திலே என்னோடு கலைப்பீடத்தில் பயின்ற நண்பர்கள் சிலர் குடும்பத்தோடு மன்னாரைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள். இரண்டு வான்கள், ஒரு சிறிய லொறி, இருபத்திரண்டு பேர். லொறியிலே தறப்பாள்கள், பானை சட்டிகள், தண்ணீர்ப் பீப்பாய்கள், காஸ் அடுப்பு. விடுதியே வேண்டாம், பொழுது சாய்கிற இடத்தில் கூடாரம் அடிப்போம் என்பது அவர்கள் தீர்மானம். வழிகாட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

பாலத்தைக் கடந்தவுடன் கோட்டை. 1560இல் போர்த்துக்கேயர் கட்டியது. 1658இல் ஒல்லாந்தர் கைக்குப் போயிற்று. பிறகு பள்ளிமுனைப் பெருக்க மரம். பத்தொன்பது மீட்டருக்கும் மேற்பட்ட அதன் சுற்றளவைப் பிள்ளைகள் கைகோத்து அளக்கப் பார்த்து, ஆள் போதாமல் சிரித்தார்கள். அராபிய வணிகர் கொண்டுவந்த மரம் என்று ஊரிலே சொல்வார்கள். தென்கரையிலே வரிசையாய் நிற்கும் முப்பது காற்றாலைகளையும் பார்த்தோம். எருக்கலம்பிட்டியிலே பன்னப் பாய்களைப் பார்த்தோம். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, உடுத்த உடையோடு போனவர்கள் அந்த ஊரார். மீண்டு வந்தவர்களின் முற்றத்தில் நின்று எங்களில் ஒருவர் பாய்க்கு விலை குறைத்துக் கேட்டார். எனக்கு நாணமாயிருந்தது, ஆனால் வாய் திறக்கவில்லை.

பிற்பகலில், பேசாலைக்கு அப்பால் வடகரையோரமாய் ஒரு மீன்வாடியை அடைந்தோம். ஓலைக் குடிசைகள் பத்துப் பன்னிரண்டு, கரையேற்றிய படகுகள், உலர்த்திய வலைகள். ஒரு மூதாட்டி குந்தியிருந்து கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். நண்பரின் மனைவியார் கைத்தொலைபேசியை உயர்த்தினார். மூதாட்டி சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மறைத்து, மறுபக்கம் திரும்பிக்கொண்டார். "வெட்கப்படுகிறா" என்று சொல்லிச் சிரித்தபடி, நம்மவர் சுற்றிப் போய் மறுபக்கத்திலிருந்தும் ஒரு படம் எடுத்தார்.

அப்பொழுது எனக்கு முன்பொருமுறை படித்த செய்தி நினைவுக்கு வந்தது. அமெரிக்காவிலே, மோட்டார் வண்டியின் பின்னால் கட்டிலும் அடுப்பும் அமைந்த ஒரு சிறு சக்கர வீட்டைக் கொளுவி இழுத்துக்கொண்டு, கூட்டங்கூட்டமாகச் சுற்றுலாப் போவார்கள். அத்தகையோர் விரும்பிச் செல்லும் இடங்களில் ஒன்று பென்சில்வேனியாவிலுள்ள லங்காஸ்டர். ஆமிஷ் என்னும் கிறிஸ்தவ சமூகத்தார் அங்கே வாழ்கிறார்கள். சுவிற்சர்லாந்திலும் ரைன் நதிப் பக்கங்களிலும் ஒடுக்குமுறைக்கு ஆளாகிப் பதினெட்டாம் நூற்றாண்டிலே கடல் கடந்து வந்தவர்களின் வழியினர். மோட்டார் வண்டி வைத்திருப்பதில்லை; குதிரை வண்டியிலே போவார்கள். ஊர் மின்கம்பியிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுப்பதில்லை. பிள்ளைகளை எட்டாம் வகுப்போடு நிறுத்துவார்கள். 1972இல் அந்நாட்டு உச்சநீதிமன்றமும் அதற்கு இசைந்தது. அதிபர் என்ற முறையில் இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அது வேறு விஷயம். புகைப்படத்துக்கு முகங்காட்டி நிற்பதை அவர்கள் விரும்புவதில்லை. ஆயினும் குதிரை வண்டியைக் கண்டதும் கருவியைத் தூக்குகிற பயணிகளுக்கு அங்கே குறைவில்லை.

நான் இதைச் சொன்னபோது நண்பர்கள் ஆர்வத்தோடு கேட்டார்கள். கேட்டுவிட்டு, கூடாரம் அடிக்கப் போனார்கள்.

நாங்கள் கூடாரம் அடித்த அழகைச் சொல்லவேண்டும். காற்று நன்றாக வரட்டும் என்று தென்மேற்கு நோக்கி வாயைத் திறந்து வைத்தோம். ஆகஸ்ட் மாதத்துச் சோளகக் காற்றை அறிந்தவர் எவரும் அப்படிச் செய்யார். நடுச்சாமத்தில் ஒரு தறப்பாள் பட்டம்போல எழுந்து போயிற்று. மற்றது குழந்தைகள்மேல் விழுந்தது. அழுகுரல் கேட்டு வாடியிலிருந்து இளைஞர் நால்வர் விளக்கோடு ஓடி வந்தார்கள். ஏசவுமில்லை, சிரிக்கவுமில்லை. நாங்கள் நட்ட முளைகளைப் பிடுங்கி எறிந்தார்கள். மணலிலே முளையைக் குத்தினால் நில்லாதாம். கம்பின் நடுவிலே கயிற்றைக் கட்டி, அதைக் குறுக்கே கிடத்தி முழங்கையளவு ஆழத்தில் புதைக்க வேண்டுமாம். வாயை வடகிழக்குக்குத் திருப்பி, விளிம்பெங்கும் மணலை அள்ளிப் போட்டார்கள். கால்மணி நேரத்தில் வேலை முடிந்தது.

பின்னாலே அந்த மூதாட்டி வந்தார். ஒரு கேத்தலில் வெறுந்தேநீர், ஒரு சிரட்டையில் பனங்கட்டி. குழந்தைகளுக்கு முதலில் கொடுத்தார்.

"ஆச்சி, எவ்வளவு காலமாய் இந்தக் கரையில் இருக்கிறியள்?" என்று கேட்டேன்.

"இஞ்சையே? எங்கட வீடு அங்கால, தென்கரையில. சோளகம் பிறந்தா இஞ்சால வருவம். வாடை பிறந்தா பேந்தும் பெயர்ந்து போவம். நாங்களும் உங்களைப்போலத்தான் தம்பி, சட்டி பானையோட" என்றார்.

நான் வியந்துபோனேன். காற்றுத் திரும்பினால் கரையும் திரும்ப வேண்டும். கரை திரும்பினால் அடுப்பும் திரும்ப வேண்டும். ஆண்டுக்கு இருமுறை குடிபெயரும் மனிதரையல்லவா, அசையாத பழைய காட்சிப் பொருளென்று நாங்கள் பார்த்து நின்றோம்!

படம் எடுத்த அம்மையார் மெல்ல அருகில் வந்து உட்கார்ந்து, மன்னிக்கும்படி கேட்டார். ஆச்சி சிறிது நேரம் பேசவில்லை.

"தொண்ணூறில வள்ளத்தில அக்கரைக்குப் போனம் பிள்ளை. முகாமில வருசக்கணக்கா இருந்தம். வாறவன் போறவன் எல்லாரும் நிக்கவைச்சுப் படம் எடுத்தாங்கள். ஒண்டுகூட எங்கட கைக்கு வரேல்லை."

அம்மையார் தம் கருவியைத் திறந்து அன்றைய படத்தைக் காட்டினார். ஆச்சி அதைக் கண்ணருகே வைத்து நெடுநேரம் பார்த்தார். "கருவாடு நல்லா விழுந்திருக்கு" என்றார். இருட்டிலே எல்லோரும் சிரித்தோம். அந்தப் படத்தை அழித்துவிடட்டுமா என்று கேட்டதற்கு, மகளுக்கு அனுப்பச் சொன்னார்.

விடியற்காலையில் ஆச்சியிடம் கருவாடு வாங்கினோம். அவர் சொன்ன விலைக்கே வாங்கினோம். அடுத்து எங்கே பயணம் என்று கேட்டார். மடு என்றோம். பதினைந்தாம் திகதித் திருவிழாவுக்குத் தாமும் போக வேண்டுமென்றும், லொறியிலே ஒரு மூலை கிடைக்குமாவென்றும் கேட்டார். ஒரு பாய், இரண்டு சாக்கு மூட்டை, ஒரு கரிப்பானை. பிள்ளைகள் கைகொடுத்து ஏற்றினார்கள்.

வழியெல்லாம் ஆச்சி பழங்கதை சொல்லிக்கொண்டு வந்தார். முன்னாளிலே கூடார வண்டிகள் வரிசையாய்க் காட்டுப் பாதையில் செல்லுமாம். சலங்கை ஒலி கேட்டுக்கொண்டே பிள்ளைகள் உறங்குவார்களாம். மடு மாதாவின் சொரூபமே பெயர்ந்து வந்ததுதான். 1670இல் ஒல்லாந்தருக்கு அஞ்சி மாந்தையிலிருந்து காட்டுக்குள் எடுத்துச் சென்றார்கள். 2008இல் போர் நெருங்கியபோது மறுபடியும் தேவன்பிட்டிக்கு எடுத்துச் செல்லப்பட்டுத் திரும்பியது. ஆலய வளவில் அகதிகளாய் இருந்த மக்கள்மீது 1999 நவம்பரில் எறிகணை விழுந்து பலர் மாண்டார்கள். அதைப் பற்றி ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மரத்தடிகள் அநேகமாய் நிரம்பியிருந்தன. நீர்கொழும்பிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் வந்த சிங்களக் குடும்பங்கள், யாழ்ப்பாணத்தார், மலைநாட்டார், எல்லோரும் அயலயலாய் அடுப்பு மூட்டியிருந்தார்கள். எங்கள் நண்பர்கள் இடம் தேர்ந்து, கயிறெடுத்து, எந்தக் கம்பை எங்கே நடுவது என்று ஆலோசனை நடத்திக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்த்தால், பக்கத்து மரத்தடியிலே ஆச்சி பாயை விரித்து, சேலையொன்றை மறைப்பாகக் கட்டி, மூன்று கல்லின்மேல் கரிப்பானையை ஏற்றியிருந்தார். அடுத்த கூடாரத்துச் சிங்களப் பெண்ணொருத்தி நெருப்புக் கேட்டு வந்தாள். உலை கொதிக்கத் தொடங்கியிருந்தது.