மலைக்கொரு சம்பளம், மடுவுக்கொரு சம்பளம்

(யாழ்ப்பாணத்தில் வேலை செய்யும் மலையகப் பிள்ளைகளும் பெற்றோரும் கூடிய கூட்டத்தில், 2025 செப்டெம்பரில் எமது சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



ஒரே வேலைக்கு அங்கே ஒரு சம்பளம், இங்கே ஒரு சம்பளம் ஏன்? இது நம் பாட்டன் பூட்டன் காலத்துக் கேள்வி. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1929இல் தோட்டத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளம் வந்தது. மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், மத்திய பகுதியில் 52, கீழ்நாட்டில் 50. பெண்ணுக்கு மலைநாட்டிலேயே 43 சதம்தான். பசி மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றுதான்! ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் வர 1984 வரை போராட வேண்டியிருந்தது.

இந்தியாவில் 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநிலத்துக்கு மாநிலம் சம்பளம் வேறாக இருந்தது. 2015இல் கேரளத்து மூணாறில் நாட்சம்பளம் 232 ரூபாய். நம்மைப் போன்ற தமிழ்ப் பெண்கள் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வீதியில் உட்கார்ந்தார்கள். 500 கேட்டார்கள், 301 கிடைத்தது. ஏழு வருசம் கழித்து, 2022இல், அசாமின் பிரம்மபுத்திரா பள்ளத்தாக்கில் கிடைத்தது அதே 232தான். அதே மாநிலத்தின் பராக் பள்ளத்தாக்கில் 210. தேயிலையும் கொழுந்துதான், வெயிலும் மழையும் ஒன்றுதான். கேட்கும் குரலில்தான் வித்தியாசம்.

நம் நாட்டில் மாகாணத்துக்கொரு சம்பளம் கிடையாது. தொழிலுக்குத் தொழில் சம்பள நிர்ணய சபை உண்டு. தேயிலைக்கு 2024 மே மாதம் 1,700 ரூபாய் என்றார்கள். கம்பனிகள் உயர்நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கின. செப்டெம்பரில் 1,350இல் வந்து நின்றது. அதிலும் மாதம் 20 நாள்தான் பேர் விழுந்தால் 27,000 ரூபாய். ஆகவே நாட்சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள், எத்தனை நாள் வேலை என்றும் பாருங்கள்.

கடையில் நிற்கும் தம்பி தங்கச்சிமாரே, உங்களுக்கும் சட்டம் உண்டு. 2016இல் வந்த தேசிய குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் திருத்தப்பட்டு, 2025 ஏப்ரல் முதல் மாதம் 27,000 ரூபாய், 2026 ஜனவரி முதல் 30,000. நுவரெலியாவுக்கும் இதுதான், யாழ்ப்பாணத்துக்கும் இதுதான். "இங்கே வழக்கம் வேறு" என்று எந்த முதலாளி சொன்னாலும் தலையாட்டாதீர்கள். "சாப்பாடும் படுக்க இடமும் தருகிறோமே" என்று குறைத்துக் கொடுத்தால் கணக்கை எழுத்தில் கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடம் 8 வீதம் பிடித்தால், முதலாளி தன் பங்காக 12 வீதம் போட வேண்டும். உங்கள் அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

பெற்றோரே, பிள்ளையை அனுப்பும் முன் சம்பளத்தையும் வேலை நேரத்தையும் கேட்டு எழுதி வையுங்கள். குறை இருந்தால் தொழில் திணைக்களத்தின் அலுவலகம் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறது. தனியாகப் போகப் பயமென்றால் சங்கத்திடம் சொல்லுங்கள். கூடவே வருவோம்.