விறகிலும் ஈரம் உண்டு

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் சம்பள உயர்வு கேட்கும்போதெல்லாம் கம்பனிக்காரர்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: உற்பத்திச் செலவு கூடிவிட்டது. அந்தச் செலவில் நம் சம்பளத்தை மட்டும் எடுத்துக் காட்டுவார்கள். ஸ்டோரில் எரியும் விறகைப் பற்றிப் பேச மாட்டார்கள். இன்று நாம் அதைப் பேசுவோம்.

பச்சைக் கொழுந்தில் நூற்றுக்கு 75 பங்குக்குக் குறையாமல் தண்ணீர்தான். தூளில் 3 பங்கு அளவில்தான் இருக்கலாம். அதனால்தான் ஒரு கிலோ தூளுக்குச் சுமார் நாலரைக் கிலோ கொழுந்து தேவைப்படுகிறது. அந்தத் தண்ணீரைப் போக்க, கொழுந்தை வாட்டும்போதும் காய வைக்கும்போதும் சூடு வேண்டும். சில ஸ்டோர்களில் விறகு அடுப்பு நேராகக் காற்றைச் சூடாக்குகிறது. சிலவற்றில் பொயிலர் நீராவி அந்த வேலையைச் செய்கிறது.

இரண்டுக்கும் முதல் நட்டம் ஈர விறகு. புதிதாக வெட்டிய மரத்தின் நிறையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். அடுப்பு முதலில் அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் புகைபோக்கி வழியாக அனுப்ப வேண்டும். பத்துக் கிலோ பச்சை விறகு தரும் சூட்டை, நன்றாகக் காய்ந்த விறகு ஆறு கிலோ தந்துவிடும். பிளந்து, கூரைக்குக் கீழே காற்றோட்டமாகச் சில மாதம் அடுக்கி வைத்தால் போதும்.

மழை நாளில் கொழுந்து நிறுக்கும்போது ஈரம் என்று நம் கிலோவைக் கழிக்கிறார்கள். நிறைக்கு வாங்கும் விறகில் அந்த ஈரத்தை யார் கழிக்கிறார்கள்? அதற்குக் காசு கொடுத்துவிட்டு, செலவு கூடிவிட்டது என்று நம்மிடம் சொல்கிறார்கள்.

பொயிலருக்கு வருவோம். நீராவி சூட்டைக் கொடுத்த பிறகு சுடுதண்ணீராகிறது. அதைக் கானில் விடாமல் பொயிலருக்கே திருப்ப வேண்டும். உள்ளே போகும் தண்ணீரின் சூடு 6 பாகை கூடினால் விறகில் நூற்றுக்கு ஒன்று அளவில் மிஞ்சும். கேத்தல் அடியில் பிடிப்பது போல பொயிலர் குழாயிலும் வெள்ளைப் படிவு பிடிக்கும். நெருப்புப் படும் பக்கம் கரி பிடிக்கும். இரண்டும் சூட்டைத் தடுக்கும். உறை போடாத நீராவிக் குழாயும் ஒழுகும் வால்வும் இரவு பகலாகக் காசை வெளியே விடுகின்றன. அடுப்புக்குள் காற்று அளவுக்கு மிஞ்சிப் போனால் சூடு புகைபோக்கியோடு போய்விடும். குறைந்தால் கரும்புகை வரும். இதெல்லாம் அடுப்படியில் நிற்கும் நம் ஆட்களுக்குத் தெரியும். அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். மிச்சம் பிடிப்பது என்ற பெயரில் பாதுகாப்பில் கை வைக்க விடக்கூடாது. பாதுகாப்பு வால்வைக் கட்டி வைக்கக்கூடாது. தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடியும் அமுக்கமானியும் எப்போதும் சரியாக வேலை செய்ய வேண்டும். பொயிலர் காலத்துக்குக் காலம் பரிசோதிக்கப்பட வேண்டும் என்பது 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தில் உள்ளது. விறகு மிஞ்சுகிறது என்று அடுப்படியில் ஆள் குறைக்கவும் நாம் சம்மதிக்கக்கூடாது.

ஆகவே நிர்வாகத்திடம் மூன்று விடயங்களைக் கேட்போம். விறகுக்குக் கூரை போட்ட கொட்டகை வேண்டும். ஒரு கிலோ தூளுக்கு எத்தனை கிலோ விறகு எரிந்தது என்ற மாதக் கணக்கு எங்கள் தலைவர்மாருக்கும் காட்டப்பட வேண்டும். மிச்சமாகும் பணத்தில் அடுப்படித் தொழிலாளருக்கும் கொழுந்து பறிப்பவருக்கும் பங்கு வேண்டும்.

அடுத்த முறை சம்பள நிர்ணய சபையில் உற்பத்திச் செலவு என்று அவர்கள் பேசும்போது, நம் பிரதிநிதிகளின் கையில் இந்த விறகுக் கணக்கும் இருக்கட்டும். ஸ்டோரில் வேலை செய்யும் தோழர்கள் இந்த மாதமே ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள். கணக்குப் போட உதவி வேண்டுமானால் பாடசாலை விட்ட பிறகு என்னிடம் வாருங்கள்.