மனுவில் ஒரு சொல்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு ரயில்வேயில் கோப்புகளைப் புரட்டி வரும் குமாஸ்தாவாகிய நான், ஆங்கிலச் சொற்களைப் பற்றிப் பேச முன்வந்தது துணிச்சலே. ஆயினும் நம் கோவண்டி காலனியில் மனு எழுத வேண்டுமென்றால் பலர் என் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். அந்த உரிமையில் பேசுகிறேன்.

ஒருவர் மனத்தை மற்றொருவர் தம் பக்கம் திருப்புவதைக் குறிக்க ஆங்கிலத்தில் பல சொற்கள் உண்டு. நயமாக எடுத்துரைத்து இணங்க வைப்பது பெர்சுவேஷன். விடாமல் நெருக்குவது பிரஷர். குக்கர் வைத்திருக்கும் தாய்மார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்ஃப்ளூயன்ஸ் என்னும் சொல்லோ லத்தீன் மொழியில் 'உட்பாய்தல்' என்னும் பொருளில் பிறந்தது. விண்மீன்களிலிருந்து ஏதோ ஒன்று மனிதருள் பாய்ந்து அவர் விதியை நடத்துவதாக அக்கால ஐரோப்பியர் நம்பினர். நம் கிரக பலனைப் போன்றதே. அந்நம்பிக்கையை ஒட்டியே இத்தாலியர் ஒரு காய்ச்சலுக்கு இன்ஃப்ளூயன்ஸா என்று பெயரிட்டனர். 1918 ஜூன் மாதத்தில் இதே பம்பாய்த் துறைமுகத்தின் வழியே புகுந்து, இந்நாட்டில் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போன காய்ச்சல் அதுதான்.

நாம் இச்சொல்லைச் செல்வாக்கு என்று பெருமையாக வழங்குகிறோம். அரசாங்கம் அவ்வாறு கருதுவதில்லை. 1966ஆம் ஆண்டின் ரயில்வே ஊழியர் நடத்தை விதிகளில் 20ஆம் விதி, ஊழியர் தம் நலனுக்காக மேலதிகாரியிடம் வெளியார் செல்வாக்கைக் கொண்டுவருவதைத் தடுக்கிறது. இதை அறியாத இளம் வயதில், ஊர்ப்பக்கம் மாற்றல் கேட்டு எழுதிய மனுவோடு, பெரிய மனிதர் ஒருவரின் சிபாரிசுக் கடிதத்தையும் இணைத்து அனுப்பினேன். மாற்றல் வரவில்லை, விளக்கம் கேட்டு மெமோ வந்தது.

நிற்க. அதனினும் பெரிய பிழை ஒன்றைச் சென்ற ஆண்டு செய்தேன். நோயுற்றிருந்த மூதாட்டியார் ஒருவர், தம்மைக் கவனித்து வந்த உறவினருக்குத் தம் அறையைச் சொற்பத் தொகைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். "வற்புறுத்தி வாங்கிட்டான் தம்பி" என்று அழுதார். நானும் மனுவில் கோயெர்ஷன் என்று எழுதினேன். வக்கீல் படித்துவிட்டு, "அடித்தானா, மிரட்டினானா?" என்று கேட்டார். "ஐயோ, இல்லை! வேளை தவறாமல் அவன்தானே கஞ்சி கொடுத்தான்" என்றார் மூதாட்டியார்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இவ்விரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. குற்றச் சட்டம் தடுத்த செயலைச் செய்தோ, செய்வதாக மிரட்டியோ, பொருளைச் சட்டவிரோதமாகப் பிடித்து வைத்தோ சம்மதம் பெறுவது கோயெர்ஷன். அது 15ஆம் பிரிவு. முதுமை, நோய், மனத்துயர் ஆகியவற்றால் தளர்ந்தவரின் மனத்தை ஆட்டுவிக்கும் நிலையில் இருப்பவர், அந்நிலையைக் கொண்டு முறையற்ற ஆதாயம் பெறுவது அன்ட்யூ இன்ஃப்ளூயன்ஸ். அது 16ஆம் பிரிவு. அத்தகையவர் செய்துகொண்ட ஏற்பாடு பார்த்த மாத்திரத்தில் அநியாயமாகத் தோன்றினால், தாம் முறைகேடு செய்யவில்லை என்று மெய்ப்பிக்கும் சுமை அவர்மீதே விழும். நான் எழுதிய சொல்லோ, நடவாத மிரட்டலை மெய்ப்பிக்கும் சுமையை அந்த அம்மையார் தலையில் ஏற்றியிருக்கும்!

மனுவை அன்றிரவே திருத்தி எழுதினேன். வழக்கு நடந்து வருகிறது. இனி என்னிடம் மனு எழுத வருவோர் நடந்ததை நடந்தபடியே, கஞ்சி கொடுத்தது உட்படச் சொல்லுங்கள். ஆங்கிலச் சொல்லை வக்கீலையும் கேட்டுக்கொண்டு பிறகு போடுகிறேன்.