ஓரறை இல்லமும் தட்டுமுட்டுச் சாமான்களும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியம் முழங்கும் இம்மேடையில் கட்டிலையும் மேசையையும் பற்றிப் பேச வந்திருக்கிறோம். புலவர் பெருமக்கள் பொறுத்தருள வேண்டுகிறோம். ஆயினும், விருந்தோம்பல் தமிழர் பண்பு என்று இங்கே பெருமையுடன் பேசுகிறோம். ஊரிலிருந்து வந்த விருந்தினரை இரவில் எங்கே படுக்க வைப்பது என்று வீட்டிலே விழிக்கிறோம். ஆகவே, இதுவும் நம் வாழ்வைப் பற்றிய பேச்சேயாகும்.

இம்மும்பை மாநகரில் இடத்தின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1920-களில் கட்டப்பெற்ற பி.டி.டி. சால்களில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த அறை 160 சதுர அடி. குடிசைப் புனரமைப்புத் திட்டத்தில் முதலில் அளித்த வீடு 225 சதுர அடி. பின்னர் அது 269 ஆயிற்று. இந்த அளவுக்குள்தான் சமையல், உணவு, உறக்கம், பிள்ளைகளின் படிப்பு, பெரியோரின் நோய்ப்படுக்கை அனைத்தும் நடைபெற வேண்டும்.

இவ்விடத்தில் நாங்கள் செய்த பிழை ஒன்றைச் சொல்வது பிறருக்குப் பயன்படும். எங்கள் கூடம் நீளம் 12 அடி, அகலம் 10 அடி. பகலில் சோபாவாகவும் இரவில் கட்டிலாகவும் பயன்படும் 'சோபா-கம்-பெட்' ஒன்றைக் கடையிலே கண்டு மகிழ்ந்து வாங்கினோம். கடையின் பெரிய மண்டபத்தில் அது சிறிதாகத் தோன்றியது. வீட்டில் விரித்தபோதோ 6 அடிக்கு 5 அடி, அதாவது 30 சதுர அடி. கூடத்தின் காற்பங்கு போயிற்று. விரித்தால் பீரோவின் கதவு திறவாது. விரிப்பதற்கு முன் சாப்பாட்டு மேசையை வராந்தாவுக்குத் தூக்க வேண்டும். முதல் வாரம் நாள்தோறும் விரித்து மடித்தோம். இரண்டாம் வாரம் சலிப்பு வந்தது. பிறகு விரித்தது விரித்தபடியே கிடந்தது.

அந்நாளில் நெல்லைச் சீமையிலிருந்து எங்கள் தாயார் வந்தார்கள். இரண்டு மாதம் தங்குவதாக ஏற்பாடு. கூடத்தில் இடமின்றி அடுப்படியில், தண்ணீர்ப் பீப்பாய்க்கு அருகே பாய் விரித்துப் படுத்தார்கள். விடியற்காலை நான்கு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். அவர்கள் எழுந்து பாயைச் சுருட்டினால்தான் நாங்கள் குடம் நிரப்ப முடியும். பத்தாம் நாள், "ஊரிலே சோலி கிடக்கு, ஒரு டிக்கட் எடுத்துக் கொடுங்க" என்றார்கள். ஊரில் அவர்களுக்கு எந்த வேலையும் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். ரயில்வேயில் பணிபுரியும் எங்களுக்குப் பயணச்சீட்டு எடுப்பது அரிதன்று. எடுத்துக் கொடுத்தோம்.

வழியனுப்பச் சென்றபோது, பெட்டியில் அவர்கள் அமர்ந்திருந்த இருக்கையைப் பார்த்தோம். நாள்தோறும் காணும் பொருள்தான். அன்றுதான் கருத்தில் பட்டது. பெரம்பூர் வடிவில் அமைந்த மூன்றடுக்குப் படுக்கைப் பெட்டியில் 72 பேர் படுத்துறங்குகிறார்கள். பகலில் முதுகைத் தாங்கும் சாய்மானமே இரவில் நடுப்படுக்கையாக எழுகிறது. நடைவழியின் ஓரத்தில் எதிரெதிராக உள்ள இரண்டு இருக்கைகள் சேர்ந்து ஒரு படுக்கையாகின்றன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையே நடுப்படுக்கையை விரிக்கலாம் என்று விதியும் உண்டு.

இதிலிருந்து மூன்று பாடங்கள் கற்றோம். ஒன்று: உருமாறும் சாமான் வேறெதனையும் நகர்த்தாமல், ஓர் ஆள் ஒரு நிமிடத்தில் மாற்றத்தக்கதாக இருக்க வேண்டும். இல்லையேல் சில நாளில் அது உருமாறுவதை நிறுத்திவிடும். இரண்டு: மடித்த அளவை மட்டும் பாராமல் விரித்த அளவையும் பார்க்க வேண்டும். மூன்று: வீட்டிலும் நேர ஒழுங்கு வேண்டும், காலையில் மடிக்காத கட்டில், மடியாத கட்டிலே.

நம் முன்னோர் இதனை நன்கறிந்தவர்கள். கோரைப்பாய் விரித்தால் ஓர் ஆள் படுக்கலாம். சுருட்டினால் மூலையில் ஒரு சாண் இடம் போதும். குழந்தைக்குத் தூளி, அவிழ்த்தால் அது மீண்டும் சேலை. தலைக்கு மேலே பரண். மேல்நாட்டாரும் இதே வழியில் சிந்தித்தனர். சான்பிரான்சிஸ்கோ நகரில் ஓரறையில் குடியிருந்த வில்லியம் மர்பி என்பார், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சுவரோடு நிமிர்த்தி வைக்கும் கட்டிலை அமைத்துப் பெயர் பெற்றார்.

இனி, வாங்குவோர்க்குச் சில குறிப்புகள். கடைக்குப் போகுமுன் பழைய செய்தித்தாள்களைச் சாமானின் விரித்த அளவுக்குத் தரையில் பரப்பி, ஒருநாள் அதனைச் சுற்றி நடந்து பாருங்கள். படிக்கட்டின் திருப்பத்தையும் வாசற்கதவின் அகலத்தையும் அளந்து கொள்ளுங்கள். அடியில் பெட்டியுள்ள கட்டிலானால், மெத்தையைத் தூக்கித் திறக்கும் வகையில் ஆண்டுக்கு இருமுறை எடுக்கும் பொருள்களையே வைக்கலாம். அன்றாடத் துணிமணிக்கு இழுப்பறையே ஏற்றது. ஆனால் இழுப்பறையின் ஆழம் எவ்வளவோ அவ்வளவு வெற்றிடம் அதன் முன்னே வேண்டும். சுவரில் மாட்டும் மடக்கு மேசை மிக நன்று. அதில் உண்ணலாம், எழுதலாம், துணிக்கு இஸ்திரியும் போடலாம். செங்கற்சுவரிலோ கான்கிரீட்டிலோதான் அதனைப் பொருத்த வேண்டும். தடுப்புப் பலகை பாரம் தாங்காது. மரத்தூளை அழுத்திச் செய்த மலிவுப் பலகை, ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் இவ்வூர் மழையின் ஈரத்தில் ஊதிப் போகும். நீர் தாங்கும் பிளைவுட்டே நலம். மடிக்கும் சாமானில் முதலில் கெடுவது கீல். அதனை அசைத்துப் பார்த்து வாங்குங்கள்.

நாங்கள் அந்தச் சோபாவைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டோம். தச்சரைக் கொண்டு 6 அடிக்கு 2½ அடியில், கீழே இழுப்பறைகளுடன் ஒரு திவான் செய்தோம். சுவரில் ஒரு மடக்கு மேசை மாட்டினோம். மற்றவர்களுக்குப் பாய். பாதித் தரை எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது.

மறு ஆண்டு தாயாரை மீண்டும் வரவழைத்தோம். திவானில் அவர்களும், தரையில் நாங்களுமாகப் படுத்தோம். பேத்தி மடக்கு மேசையில் படிப்பதைப் பார்த்தபடி கண்ணயர்வார்கள். அம்மழைக்காலம் முடியும் வரை ஊரில் வேலை கிடப்பதாக அவர்கள் ஒருமுறையும் சொல்லவில்லை.

அன்பர்களே! சாமான் வாங்கப் புறப்படுமுன், அதனால் நம் வீட்டில் யார் எழுந்து இடம் தர வேண்டியிருக்கும் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.